தாங்கி மூடியில் சவுக்காரம்

“…நீர் உள்ளையே இரும், நான் ஓடிப்போய் எண்ணெய் எடுத்துக்கொண்டு—”

சித்தப்பா அந்த வசனத்தை முடிக்கவில்லை. ஒரு கை வண்டிக் கதவிலும் மற்றக் கை நெற்றியிலுமாக, திறந்த வாய் திறந்தபடியே நின்றார். விமான நிலையத்திலிருந்து இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு வரும் பெருந்தெருவின் கரையில் எங்கள் பிக்கப் வண்டி இருமி, குலுங்கி, நின்றுபோயிருந்தது. உள்ளே நானும் சித்தியும் இருந்தோம். சித்தி இலங்கையிலிருந்து வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

எனக்கு அப்போது பத்து வயது. வண்டிக்குப் போடும் டீசலைத்தான் எங்கள் ஆட்கள் எண்ணெய் என்பார்கள். எண்ணெய் முடிந்தால் போய் எடுத்து வரவேண்டியதுதானே, இதில் வாயடைத்து நிற்க என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அதே வசனத்தை அதே ஆளுக்கு அவர் முன்பும் ஒருமுறை சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிவது வேறு, விளங்குவது வேறு என்று எங்கள் அப்பா அடிக்கடி சொல்லுவார். அது பள்ளிக்கூடத்துப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னது; ஆனாலும் இதற்கும் பொருந்தும்.

முதலில் அந்தப் பழைய கதை. சித்தி என் அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்துப் பெண். மருத்துவமனையில் நோயாளருக்குத் துணையாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை வன்னியில் வயலும் உழவு இயந்திரமும் வைத்திருந்த சித்தப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், பானை சட்டி பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும்போது நடுவழியில் அந்த உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் முடிந்துவிட்டது. “நீர் மிசினிலையே இரும், நான் ஓடிப்போய் எண்ணெய் எடுத்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா எண்ணெய்க் கானோடு ஓடினார். எங்கேயோ கெஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது மிசின் நின்றது, சித்தி இல்லை. இருந்திருக்கவும் முடியாது. ஷெல் விழவிழச் சனம் ஓடியிருக்கிறது. நின்றவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. வேறு வேறு முகாம்களில் இருவரும் உயிரோடு இருப்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒருவரை ஒருவர் கண்டபோது என்ன கதைத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. பிறகு சித்தப்பா எப்படியோ சிசிலிக்கு வந்து, எங்கள் வீட்டின் பின்னறையில் தங்கி, சித்தியைக் கூப்பிடுவதற்கான காகிதங்களுக்காகக் வெளிநாட்டவருக்கு அனுமதி கொடுக்கும் கெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சித்தப்பாவுக்குச் சோறு போடுவார், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பார், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். ஆனால் மீன் கழுவும்போது மீனிடம் சொல்வதுபோல, “என்ரை தங்கச்சியை நடுறோட்டிலை விட்டிட்டுப் போன மனுசன்” என்று சொல்லிக்கொள்வார். பின்னறைக் கதவு மெல்லியது. மீனுக்குக் கேட்டதோ இல்லையோ, சித்தப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். சித்தப்பாவோ சூடு கண்ட பிறகு அடுப்பங்கரையிலேயே பாயை விரித்த பூனை. ஊரில் எண்ணெய்யால் பட்டவர், இங்கே வந்து வண்டி ஒன்று வாங்கினார். அது ஒரு பழைய வெள்ளைப் பிக்கப். முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. வீடு மாறுகிறவர்களின் கட்டில், கல்யாணத்துக்குக் கதிரை, கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, துறைமுகத்துக்கு யாருடையதோ பயணப் பெட்டிகள் என்று எப்போதும் ஓட்டம்தான். அந்த வண்டியில் எண்ணெய் காட்டும் முள் வாங்கிய நாளிலிருந்தே நடுவில் இறுகி நின்றது. தாங்கி நிறைந்திருந்தாலும் பாதி, காய்ந்திருந்தாலும் பாதி. அதைத் திருத்தச் சொன்னால் சித்தப்பா கேட்கமாட்டார். “முள்ளை நம்பாதை, தடியை நம்பு” என்பார். ஊரில் தாங்கிக்குள் தடி விட்டு அளந்து பழகியவர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கே போனாலும் எஞ்சினை நிறுத்தமாட்டார். என்னைப் பள்ளிக்கூட வாசலில் ஏற்றக் காத்திருக்கும்போதும் வண்டி புகைந்துகொண்டு உறுமியபடி நிற்கும். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் மூக்கைப் பொத்துவார்கள். “நிப்பாட்டுங்கோவன் சித்தப்பா” என்றால், “நிப்பாட்டினால் திரும்ப எடுக்குமோ ஆர் கண்டது?” என்பார். நின்ற மாடு படுக்கும், படுத்த மாடு எழும்பாது என்று ஒரு சொல்லும் சொல்வார். அது ஊர்ப் பழமொழியா அவரே செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சித்திக்கு விசா கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுது, சிரித்து, பாயசம் காய்ச்சினோம். சித்தப்பா மட்டும் பாயசத்தைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வண்டிக்கு இன்னொரு தாங்கி போடவேணும்.”

அப்பாவுக்குப் புரைக்கேறிவிட்டது.

“எயாப்போட் கூப்பிடு தூரத்திலை கிடக்கு. உதுக்கு ஏன் தம்பி ரெண்டு தாங்கி?”

“வழியிலை நிக்கக் கூடாது.”

“வழி முழுக்க பெற்றோல் செற் கிடக்கே!”

“அங்கையும் கிடந்தது அண்ணை” என்றார் சித்தப்பா. “அதுக்குள்ளை எண்ணெய்தான் கிடக்கேல்லை.”

அப்பா பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “வெள்ளம் வருமுன் அணை போடு எண்டு சொல்லுவினம் பிள்ளை. உங்கடை சித்தப்பா வெள்ளம் வடிஞ்ச பிறகு, வேறை நாட்டுக்கு வந்து அணை போடுறார்.”

நாங்கள் இருந்தது பலேர்மோவின் ஒரேத்தோத் தெருப் பக்கம். தெருமுனையில் வாகனம் திருத்தும் ஒரு கிழவர் இருந்தார். கைத்தொழில் தெரிந்தவர்களை அங்கே மாஸ்த்ரு என்று மரியாதையாக அழைப்பார்கள்; அவரையும் அப்படித்தான். தோட்டம் செய்யும் யாரோ கமக்காரனின் வண்டியிலிருந்து கழற்றிய இரும்புத் தாங்கி ஒன்று அவர் கடை மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. சித்தப்பாவுக்கு இத்தாலியன் வேலைக்குப் போதும், வாதத்துக்குப் போதாது. அதனால் நானும் போனேன்.

எதற்கு இது என்று மாஸ்த்ரு கேட்டார். நான் சித்தப்பாவைக் கேட்டேன். “மனிசி வாறா எண்டு சொல்லு” என்றார். சொன்னேன்.

மாஸ்த்ரு கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டார். “மனைவி வருகிறாள் என்று பூ வாங்கினவனைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவனையும் பார்த்திருக்கிறேன். தாங்கி வாங்குகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எங்கிருந்து வருகிறாள்? ஆப்பிரிக்காவுக்குப் போய் ஏற்றிவரப் போகிறானா?”

“விமான நிலையத்திலிருந்து” என்றேன்.

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சித்தப்பாவும் சிரித்தார், பல் தெரியச் சிரித்துக்கொண்டே தாங்கியின் அடியைக் கையால் தடவித் துருக் கறள் இருக்கிறதா என்று பார்த்தார்.

சிரித்தாலும் மாஸ்த்ரு வேலையைச் சிரிப்பாகச் செய்யவில்லை. தாங்கியைக் கழுவிக் காயவைத்தார். பெட்டியின் முன்பக்கத்தில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், ரப்பர் பட்டிகளின் மேல் அதை இருத்தி, அசையாமல் திருகாணியால் இறுக்கினார். அடியிலிருந்து ஒரு குழாயை எடுத்து வண்டியின் சொந்தத் தாங்கியோடு சேர்த்தார். நடுவில் திறந்து பூட்ட ஒரு பித்தளைத் திருகு. கீழ்த்தாங்கியில் குறையக் குறைய மேல்தாங்கியிலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கும். அவ்வளவுதான் சூத்திரம். ஓடவிட்டும் காட்டினார், அழகாக இறங்கியது. பரிசோதனைக்குக் காட்டிப் பதிவில் ஏற்றும் வேலையையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். கடைசியில் மேல்தாங்கியின் மூடியைத் தட்டி, அதன் நடுவில் இருந்த சிறு துவாரத்தைக் காட்டி எனக்கு ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றார் சித்தப்பா.

“இதாலைதான் தாங்கி மூச்சு விடுமாம். அடைக்கக் கூடாதாம்.”

சித்தப்பா தலையாட்டினார். எங்கள் ஆட்கள் தலையாட்டினால் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கீழே நின்றபடி மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஓட்டைத் தாங்கியைத் தலையிலை கட்டிப்போட்டுக் கிழவன் கதை விடுறான்” என்றார். “எண்ணெய்க்கு என்ன மூச்சு? மூச்சு விட விட்டால் ஆவியாய்ப் போயிடும். அங்கை ஒரு போத்தல் எண்ணெய்யை நாங்கள் எப்பிடிப் பொத்தி வைச்சனாங்கள் தெரியுமோ பிள்ளை? மூடிக்கு மேலை பொலித்தீன், அதுக்கு மேலை ரப்பர், அதுக்கு மேலை சாக்கு.”

பிறகு குளியலறைக்குப் போய்த் துணி துவைக்கும் சவுக்காரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்தார். அதைப் பெருவிரலால் பிசைந்து உருட்டி அந்தத் துவாரத்தில் வைத்து அழுத்தினார். ஊரில் தாங்கி ஒழுகினால் சவுக்காரம்தான் மருந்து. பூசி முடித்துவிட்டு முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு மணமும் வெளியே வரவில்லை. பேரப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தவர் போல அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

இரண்டு தாங்கியையும் நிரப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் பித்தளைத் திருகைப் பூட்டிவிட்டு மூடியைக் கழற்றி, கோடு போடும் என் பள்ளிக்கூட அடிமட்டத்தை வாங்கி மேல்தாங்கிக்குள் விட்டுப் பார்ப்பார்; பிறகு மூடியை இறுக்கித் திருகைத் திறந்துவிடுவார். நாள் முழுக்க ஓடியிருப்பார். எண்ணெய் ஒரு நகக்கண் அளவும் குறைந்திராது.

“பாத்தியே! இந்த வண்டி எண்ணெய் குடிக்கிறேல்லை, மணந்து பாத்திட்டு ஓடுது.”

அதைக் கோவிலில் சொன்னார், மீன்கடையில் சொன்னார், லிபெர்த்தாத் தெருவில் அப்பா வேலை செய்யும் வீட்டு எசமானி சின்யோராவின் வாசற்காவலாளிக்குக்கூடச் சொன்னார். அந்த நாட்களில் அவர் எண்ணெய் நிரப்ப எந்தப் பெற்றோல் செற்றுக்கும் போகவில்லை. குடியாத குதிரைக்கு ஏன் தண்ணி காட்டவேணும் என்றார். அம்மா மட்டும் அந்த வண்டிக்கு ‘ரெண்டு வயித்தன்’ என்று பெயர் வைத்திருந்தார். என் அடிமட்டத்திலிருந்து வந்த டீசல் மணத்தில் வகுப்பு ஆசிரியை யன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தினார்.

சித்தி வருகிற நாளும் வந்தது. வண்டியில் இருப்பது மூன்று இருக்கை. ஒன்றில் சித்தப்பா, ஒன்று சித்திக்கு. மீதி ஒன்றுக்கு அம்மாவா நானா என்று வந்தபோது, நான் போகவேண்டும் என்று சொன்னவர் அம்மாதான். “நான் போனால் அழுதுகொண்டு நிப்பன். அதுகள் முதலிலை முகம் பாக்கட்டும்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் காதுக்குள் சொன்னார்: “பிள்ளை, ஒண்டை மட்டும் வடிவாய்க் கவனிச்சுக்கொண்டு வந்து சொல்லவேணும். சித்தி அவரை ‘இஞ்சேருங்கோ’ எண்டு கூப்பிடுறாவோ எண்டு பார்.”

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இஞ்சேருங்கோ என்பார்கள். இங்கே பாருங்கள் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஆனால் கறிக்கு உப்புக் குறைந்தாலும் அதுதான், கதவை யாரோ தட்டினாலும் அதுதான். கோபத்துக்கும் அதுதான், கொஞ்சலுக்கும் அதுதான். என் அம்மா அதை ஒரு நாளில் எத்தனை முறை சொல்வார் என்று எண்ணப் புறப்பட்டால் விரல் போதாது. அதைச் சித்தி அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு சொல்லியதே இல்லையாம். தொலைபேசியில் ஓம் என்பார், சரி என்பார், சுகமாய் இருக்கிறன் என்பார். யாரோடு கதைக்கிறார் என்பதற்கு ஒரு சொல் இராது. அதை அம்மா கவனித்து வைத்திருந்தார். சித்தப்பாவும் கவனித்திருப்பார், அவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. தாங்கி மட்டும் பூட்டினார்.

விமான நிலையத்தில் சித்தி ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். நல்ல நீலச் சேலை. அழுகையும் கட்டிப்பிடிப்பும் இருக்கும் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் விலகி இடம்விட்டு நின்றேன். சித்தப்பா பையை வாங்கினார்.

“சாப்பிட்டனீரோ?”

“ஓம். பிளேனிலை தந்தவை.”

அவ்வளவுதான். என்னைத்தான் சித்தி கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மணந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

வண்டியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான். கியர்த் தடி முழங்காலில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் சித்தப்பா “சொறி பிள்ளை” என்று மன்னிப்புக் கேட்பார். சித்தியோடு கதைப்பதற்கு அவருக்கு வேறெதுவும் கிடைக்கவில்லைப் போல. தாங்கியைப் பற்றியே கதைத்தார். “பின்னாலை பாத்தனீரோ? ரெண்டாந் தாங்கி. இது நிக்காது. ரோம் மட்டும் போனாலும் நிக்காது.” சித்தி “ம்” என்றார். “அடியிலை ரப்பர் போட்டிருக்கு, ஆடாது.” “ம்.” பெருந்தெருவின் நடுவில் வரிசையாக அலரிகள் பூத்திருந்தன. சித்தி அதைப் பார்த்து, “இஞ்சையும் அலரி நிக்குது” என்றார். என்னிடம் சொன்னாரா, அவரிடமா, அலரியிடமா தெரியாது. சித்தப்பா உடனே, “ஓம், ஓம், நிறைய நிக்குது” என்று தானே நட்டு வளர்த்தவர் போலச் சந்தோசப்பட்டார்.

அப்போதுதான் வண்டி இருமியது.

முதலில் சித்தப்பா அதைக் கவனிக்காதவர் போல இருந்தார். இரண்டாவது இருமலுக்கு அவர் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வண்டியைக் கரைக்கு எடுத்தார். அது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. எஞ்சின் சத்தம் இல்லாமல் அந்த வண்டிக்குள் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் லொறிகள் போகும்போது காற்று வந்து மோதி, வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. சித்தப்பா சாவியை முறுக்கினார், முறுக்கினார். பிறகு இறங்கினார், கதவைப் பிடித்தார், அந்த வசனத்தைச் சொல்லத் தொடங்கினார், பாதியில் நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்ட முகம் அது.

சித்தி அவரைப் பார்த்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“முந்தியும் இப்பிடித்தான் சொன்னீங்கள்” என்றார்.

சித்தப்பா கதவிலிருந்து கையை எடுத்தார்.

“இந்த முறை நான் இருக்கமாட்டன்.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் யன்னல் இருக்கை வேண்டாம் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு மறுபக்கத்தால் இறங்கினார். என்னையும் இறக்கித் தெருவோரத்து இரும்புத் தடுப்புக்கு வெளியே நிறுத்தினார். பெருந்தெருவில் இறங்கி நின்றால் ஒளிரும் மஞ்சள் மேலங்கி போடவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வண்டியில் ஒன்றுதான் இருந்தது. சித்தப்பா அதைக் கொண்டுவந்து, என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பொன்னாடை போர்த்துவது போலச் சித்தியின் தோளில் போட்டார். நீலச் சேலைக்கு மேல் மஞ்சள் மேலங்கி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“மேல்தாங்கிக்குள்ளை என்ன கிடக்கு?” என்றார் சித்தி.

“முட்ட முட்ட எண்ணெய். காலமையும் அடிமட்டம் விட்டுப் பாத்தனான்.”

“முட்ட இருந்தால் ஏன் இறங்கேல்லை?”

அந்தக் கேள்வியை அத்தனை நாளும் ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பா தாங்கியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பித்தளைத் திருகைத் தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. வண்டி எண்ணெய் குடிப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர், அது குடித்ததெல்லாம் கீழ்த்தாங்கியைத்தான் என்று அந்த இடத்தில்தான் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

சித்தி பின்சக்கரச் சில்லில் கால் வைத்துப் பின்பெட்டிக்குள் ஏறினார். மூடியைத் திருகினார், அது உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போல இறுகி நின்றது. விரலால் மேலே தடவினார். நகத்தால் கிள்ளி எடுத்து முகர்ந்தார். என்ன இது என்பது போல ஒரு பார்வை. அப்புறம் அவர் முகம் மாறியது. வாய் ஒரு பக்கம் கோணியது, கன்னம் உப்பியது.

“இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை சவுக்காரம் வைச்சது நீங்களோ?”

“ஓம்… ஆவியாய்ப் போகாமல் இருக்க…”

“ஆஸ்பத்திரியிலை ஏத்துற சேலைன் போத்தலுக்கே மேலை ஒரு ஊசி குத்தாட்டிச் சொட்டு இறங்காது. எத்தினை போத்தலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்! உள்ளை காத்துப் போனால்தானே வெளியிலை எண்ணெய் வரும்?”

சொல்லிக்கொண்டே வளையலில் கொழுவியிருந்த, சேலைக்குக் குத்தும் ஊசியைக் கழற்றித் துவாரத்தில் விட்டுக் கிளறினார். உஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை ஒரு ஆள் விடுவது போலவே இருந்தது. அதன் பின் அடிக்குழாயில் கொளக், கொளக் என்று எண்ணெய் இறங்கத் தொடங்கியது. சித்தி தாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலங்கி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். போகிற காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். “சவுக்காரம்!” என்பார், மறுபடியும் சிரிப்பார்.

ஆனால் எண்ணெய் வந்துவிட்டால் மட்டும் போதாது. காய்ந்த டீசல் எஞ்சினுக்குள் காற்று ஏறியிருக்கும், அதை எடுத்தால்தான் ஓடும். அது சித்தப்பாவுக்குக் கைவந்த வேலை. முன்மூடியைத் திறந்து, வடிகட்டிக்கு மேலே இருந்த சின்னக் கைப்பம்பியைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார். சித்தி மேலே நின்று துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொண்டார். “வருதோ?” என்று இவர் கேட்பார். “வருது, வருது” என்று அவர் சொல்வார். அங்கே காற்றை உள்ளே விடவேண்டும், இங்கே காற்றை வெளியே எடுக்கவேண்டும். இரண்டும் சரியாக நடந்தால்தான் வண்டி ஓடும் என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு எங்கள் வீட்டில் அதை ஒரு பழமொழி மாதிரியே சொல்கிறோம்.

நான் அம்மாவுக்கு ஒற்றுப் பார்த்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து, அழுது முடித்த பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

“சொன்னவளோ?”

“இல்லையம்மா. சவுக்காரத்தைப் பற்றித்தான் கதைச்சவ.”

“என்ன சவுக்காரம்? அவள் சொன்னதை அப்பிடியே சொல்லு.”

“‘இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை சவுக்காரம் வைச்சது நீங்களோ?’ எண்டு கேட்டவ.”

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்ட மறந்து அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சவுக்காரத்துக்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்கு ஆச்சரியம். அதன் பிறகு அம்மா மீன் கழுவும்போது மீனிடம் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் அது வீட்டுக்கு வந்த பிறகு. வருமுன் இன்னொன்று நடந்தது.

எஞ்சின் இருமித் துப்பி, கரும்புகை கக்கி, ஓடத் தொடங்கியது. ஏறப் போனபோது சித்தி என்னை முந்திக்கொண்டு நடு இருக்கையில் இருந்தார். “நீ கரையிலை இரு பிள்ளை. உனக்குக் காத்து வரும்” என்றார். யன்னல் பக்கம் கிடைத்ததென்று எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை. சித்தி எவ்வளவு நல்லவர், தான் காற்றில்லாமல் கியர்த் தடி இடிக்க நடுவில் நெருக்கிக்கொண்டு இருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது. தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து காற்றுக் குடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே அவர்கள் ஏதோ கதைத்தார்கள். காற்றில் எனக்கொன்றும் கேட்கவில்லை. ஒற்றனுக்கு யன்னல் இருக்கை கொடுத்தால் அப்படித்தான்.

நகரத்துக்குள் போகும் வழியை விட்டுவிட்டுச் சித்தப்பா கடற்பக்கம் இறங்கும் தெருவுக்குத் திருப்பினார். வள்ளங்கள் கட்டியிருந்த ஒரு சின்னக் குடா வந்தது. மாலை வெயிலில் தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கரையோரச் சுவருக்குப் பக்கத்தில் வண்டி மெல்ல மெல்லப் போய் நின்றது.

“சித்தப்பா, திரும்பவும் எண்ணெய் முடிஞ்சுதோ?”

சித்தி குனிந்துகொண்டு சிரித்தார். சித்தப்பா கைத்தடையை இழுத்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. இரண்டு தாங்கியிலும் எண்ணெய் கிடக்க, தன் கையாலேயே அதை நிறுத்திவிட்டுச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டினார். எனக்குத்தான் என்று நினைத்து நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் என்னை ஒருபக்கம் நிறுத்திவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.